இல்லாத முந்தானை

செங்கமலம் வீடு எது என்று கேட்டால் அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. நெட்டச்சி வீடு என்று கேட்டால் மாடு ஓட்டிக்கொண்டு போகிறவன்கூட கோலை நீட்டிக் காட்டுவான். சித்தூர்ப் பக்கம் வெதுருகுப்பத்திலிருந்து உள்ளே போகிற தார் ரோடு எந்த இடத்தில் முடிகிறதோ அதுதான் ஊர். பாதி ஜனம் தெலுங்கு, பாதி ஜனம் தமிழ். சண்டை என்று வந்துவிட்டால் ரெண்டும் கலந்து வரும். அங்கே கதவு நிலை எல்லாம் மற்றவர்கள் உயரத்துக்கு வைத்தது. செங்கமலம் மட்டும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தலை குனிந்துதான் நுழைவாள், ஏதோ தப்புப் பண்ணினவள் மாதிரி.

பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் கேசரியைத் தின்றுவிட்டு, "பொண்ணு லட்சணமாத்தான் கீது, பையனுக்கு மேல நாலு விரக்கடை நிக்குதே" என்று எழுந்து போனார்கள். கடைசியில் கன்னையா வந்தான். அவனும் குள்ளம்தான். "ஊட்ல ஒட்டடை அடிக்க ஆள் வேணுமில்ல" என்று சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டான். நல்லவன்தான். ஆனால் அந்த ஒட்டடைப் பேச்சை மகள் கீர்த்தி பிறந்து, வளர்ந்து, சித்தூரில் காலேஜுக்குப் போகிற வரைக்கும் அவன் விடவில்லை.

அவள் நடையும் ஒரு மாதிரி. சின்ன வயசிலிருந்து இடுப்பில் குடம் சுமந்த உடம்பு. குடம் இல்லாத நாளிலும் இடுப்பு வலப்பக்கம் ஒடிந்து, ஒடிந்து நிமிரும். தண்ணீர் தூக்கின நடை அது, வேறொன்றுமில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டுவாக்ரா என்கிற பெண்கள் சங்கத்தின் பேரில் பள்ளிக்கூடத்து மத்தியானச் சமையல் அவளுக்கு வந்திருந்தது. மூணு பக்கம் சுவர், மேலே தகரம், கதவே கிடையாது. ஊரிலேயே அந்தக் கொட்டகைக்குள்தான் அவள் நிமிர்ந்து போய் நிமிர்ந்து வருவாள். பிள்ளைகள் அவளைப் பெத்தம்மா என்று, பெரியம்மா முறை வைத்துக் கூப்பிடும். சாம்பாரில் உருளைக்கிழங்கு யாருக்கு வேண்டும், முட்டையில் மஞ்சள் யாருக்கு ஆகாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கன்னையா ஒருநாள், "அந்தக் கொட்டாயை வுட்டுட்டு மாங்கா மண்டிக்கு வாயேன், கூலி சேத்து வரும்" என்று சொன்னதற்கு ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவளுக்கு வேலை என்றால் அது, மானம் என்றால் அது, சாமி என்றாலும் கிட்டத்தட்ட அதுதான்.

மே மாதம் பள்ளிக்கூடம் மூடியிருக்கும். அப்படி ஒரு மே மாதத்தில் சந்திரகிரிக் கோட்டைக்குப் பின்பக்கம் ஒரு மாந்தோப்பு பங்களாவில் ஷூட்டிங் நடந்தது. புருஷோத்தமன் என்று சித்தூர்க்காரன் ஒருத்தன், சினிமாக் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன், சமையலுக்குப் பெண்களைத் தேடிக்கொண்டு வந்தான். செங்கமலம் போனாள். முதல் ரெண்டு நாள் வெங்காயம் உரித்தாள். மூணாவது நாள் அங்கே ஒரு பெண் மயங்கி விழுந்தது.

அந்தப் பெண்ணுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒட்டிப் பிடிக்கிற பச்சை உடுப்பு. மூக்குக்கும் கண்ணுக்கும் மட்டும் ஓட்டை. அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்க வைத்தால் எருமைகூட மயங்கும். ஹைதராபாத்திலிருந்து கொண்டுவந்த பெண்ணாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஹீரோ நல்ல உயரம். அவர் தோளுக்கு மேலே தலை நிற்கிற மாதிரி ஒரு பெண் உடனே வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை நின்றுவிடும். டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். சமையல் பந்தலில் எல்லார் தலைக்கும் மேலே ஒரு தலை தெரிந்தது.

புருஷோத்தமன் ஓடி வந்தான். "யக்கா, ஹீரோ பக்கத்துல நிக்கணும், நடக்கணும், அவ்ளோதான். உன் மூஞ்சி தெரியாது. அப்புறம் கம்ப்யூட்டர்ல உன் மேல பொம்மை போட்டுடுவாங்கோ."

"பொம்மையா?"

"ஆமாக்கா. பொம்மைப் படம்."

அந்தப் பொம்மை என்கிற சொல் இருக்கிறதே, அதுதான் அவள் தலையில் மண்ணை வாரிப் போட்டது. தெலுங்கில் சுவரில் எழுதுகிற சித்திரமும் பொம்ம, தியேட்டரில் ஓடுகிற சினிமாவும் பொம்ம. தமிழ்க் காதுக்குப் பொம்மை என்றால் குழந்தை கையில் இருக்கிறது. மத்தியானத்தில் டிவியில் ஓடுமே, குரங்குக்குட்டியும் யானைக்குட்டியும் பாட்டுப் பாடிக்கொண்டு, அதுதான் அவளுக்குத் தெரியும். பெரியவர்களுக்கென்றே, பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டுப் பார்க்கிற பொம்மைப் படம் ஒன்று உலகத்தில் உண்டு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? புருஷோத்தமனுக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை. பாவி, அவனுக்கு அன்றைக்கு ஆள் நின்றால் போதும்.

பொம்மை வேலைக்கெல்லாம் தலைமை ஸ்ரீவல்லி என்கிற பெண். திருப்பதிக்காரி, தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். இவள் கம்ப்யூட்டர் படித்து இந்தப் பக்கம் வந்துவிட்டாள். அவள்தான் செங்கமலத்துக்குப் பச்சை உடுப்பு மாட்டிவிட்டாள், அவள்தான் நிழலில் உட்கார வைத்து மோர் கொடுத்தாள். கதையும் சொன்னாள், சொல்ல வேண்டியதை மட்டும். சுவரில் ஒரு பெண்ணை ஒருவன் வரைகிறான், அவள் சுவரை விட்டு இறங்கி வருகிறாள், அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள். ஹீரோ நிஜ மனுஷன், அவள் மட்டும் சித்திரம். கேட்கிறதற்கு என்ன குறை? பிள்ளைகளுக்குச் சொல்கிற கதை மாதிரித்தான் இருந்தது.

நடக்கச் சொன்னார்கள், நடந்தாள். "நடையை மாத்தாதீங்க அக்கா, இப்படியே நடங்க" என்றாள் ஸ்ரீவல்லி. கட்டிலில் படுத்துத் தூங்குகிற மாதிரி இருக்கச் சொன்னார்கள், இருந்தாள். அந்தப் பக்கம் ஹீரோ ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு ஏதேதோ செய்தார். அவள் மேல் ஒரு விரல் படவில்லை. எதற்குத் தலையணை என்று அவளும் கேட்கவில்லை, பெரிய இடத்து வேலை, ஆயிரம் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

கடைசி நாள் ஒரு காட்சி. ஹீரோ குடித்துக் குடித்துச் செத்துக் கிடக்கிறார். சுவரிலிருந்து வந்தவள் பக்கத்தில் உட்கார வேண்டும். "அழக் கூடாது அக்கா" என்றாள் ஸ்ரீவல்லி. "அவன் வரையறப்போ கண்ணீர் வரையல. அதனால அவளுக்கு அழ வராது. வேற என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க."

செங்கமலம் போய் உட்கார்ந்தாள். ஹீரோ வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தார். மாம்பழக் காலம், ஈ மொய்த்தது. அவ்வளவுதான், அவளுக்கு ஷூட்டிங் மறந்துபோயிற்று. அவள் தம்பி நாகபூஷணம் பலமனேர் ரோட்டில் லாரியில் அடிபட்டு, பாயில் கிடந்தபோதும் இப்படித்தான் வாய் திறந்திருந்தது, இப்படித்தான் ஈ மொய்த்தது. அன்றைக்கு அழுகிறவர்கள் எல்லாம் அழுதுகொண்டிருக்க, இவள் ஒருத்திதான் தலைமாட்டில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். கை தானாக எழுந்தது. பச்சை உடுப்பில் முந்தானை ஏது? கைக்கு அது தெரியவில்லை. இல்லாத முந்தானையை ரெண்டு விரலில் பிடித்துக்கொண்டு, மெதுவாக, விட்டு விட்டு, ஈயை ஓட்டிற்று. நடுவில் ஒருதரம் அந்த இல்லாத நுனியை வாயில் ஈரம் பண்ணி அவர் கடைவாயைத் துடைத்தது. பிறகு மறுபடியும் விசிறிற்று.

டைரக்டர் நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டார். லைட் பிடிக்கிறவன் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டான். செத்துக் கிடந்த ஹீரோவே எழுந்து உட்கார்ந்து அவளைக் கும்பிட்டார். ஸ்ரீவல்லி ஓடி வந்து முகத்துப் பச்சைத் துணியை உருவினாள். உள்ளே முகமெல்லாம் வேர்வையும் கண்ணீரும். "இது உங்க சீன் அக்கா. யார் என்ன வரைஞ்சாலும் இது உங்களோடது" என்று ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சும்மா சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பிறந்ததிலிருந்து ஒரு மனுஷர் அவளைப் பார்த்து நன்றாகச் செய்தாய் என்று சொன்னதில்லை. சாம்பார் நன்றாக இருந்தால் சட்டி காலியாகும், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் ஒரு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தாள். கிணற்றடியில் சொன்னாள், சங்கத்தில் சொன்னாள், டீச்சர்களிடம் சொன்னாள், அடுப்பு ஊதிக்கொண்டே பிள்ளைகளிடம் சொன்னாள். "பொம்மைப் படம்டா. அதுல வர்ற பொம்மை நாந்தான். கடைசீல ஒரு சீன் கீது, நீங்கோ எல்லாம் அழுதுடுவீங்கோ." தவளை தன் வாயாலேயே கெடும் என்பார்கள். இந்தத் தவளை சந்தோஷத்தில் கத்தியது, பாம்புக்கு அந்த வித்தியாசம் எல்லாம் கிடையாது.

படம் சித்தூருக்கு வந்தது. கன்னையா ஒரு வேன் பேசினான். பக்கத்து வீட்டு சந்திரம்மா, சங்கத்துப் பெண்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு கூட்டம், எல்லாரும் தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து, திருவிழாவுக்குப் போகிற மாதிரி போனார்கள். கீர்த்திக்கு அன்றைக்குப் பரீட்சை, வரவில்லை. தியேட்டர் வாசலில் கேட்காரன் கையை நீட்டி மறித்தான்.

"பிள்ளைங்கள வுட மாட்டேன்மா."

"பொம்மைப் படத்துக்குப் பிள்ளைங்கள வுடாம, பல்லு போன கெய்வனையா வுடுவ?" என்றாள் செங்கமலம். எல்லாரும் சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவில்லை. போஸ்டர் மூலையில் இருந்த எழுத்தைக் காட்டினான். "ஏ போட்டுக்குது பாரு."

ஒரு வாண்டு, "ஏ ஃபார் ஆப்பிள்" என்று உரக்கப் படித்தது. அதற்கும் சிரித்தார்கள். அப்போதாவது திரும்பியிருக்கலாம். ஆனால் ஊரையே வேனில் ஏற்றிக்கொண்டு வந்தவள் வாசலோடு எப்படித் திரும்புவாள்? "நீங்கோ போய்ப் பாருங்கோ, நான் இவுங்கள பாத்துக்கினு கீறேன்" என்று கன்னையா பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு ஐஸ் வாங்கித் தரப் போனான். பெண்கள் உள்ளே போனார்கள்.

சுவரிலிருந்து அந்தப் பெண் இறங்கினாள். முகம் வேறு முகம், மினுக்கி வைத்த முகம். உயரம் செங்கமலம். கை செங்கமலம். உடம்பில் பொட்டுத் துணி இல்லை. அப்படியே திரும்பி நடந்தாள். வலப்பக்கம் இடுப்பு ஒடிந்து, ஒடிந்து நிமிர்ந்தது. தியேட்டர் முழுக்க விசில். தண்ணீர் சுமந்த நடையம்மா அது, அதற்கு விசில் அடித்தான்கள். அப்புறம் கட்டில் வந்தது. தலையணை இருந்த இடத்திலெல்லாம் அவள் இருந்தாள். அந்தக் கட்டிலில் நடந்ததை இங்கே சொல்ல மாட்டேன். செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டாள், அவளோடு நாமும் மூடிக்கொள்வோம். காதை மூட முடியவில்லை. பக்கத்து சீட்டில் சந்திரம்மா, "த்தூ" என்று சொன்னது கேட்டது. பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து போகிற சத்தம் கேட்டது.

அவள் எழுந்திருக்கவில்லை. கடைசிக் காட்சி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். வந்தது. அம்மணமாகவே வந்தது. அம்மணமான ஒருத்தி பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத எதையோ ரெண்டு விரலில் பிடித்து விசிறிக்கொண்டிருந்தாள். விசில் அடித்தவர்கள் எல்லாம் அடங்கிப்போனார்கள். யாரோ ஒரு ஆண்பிள்ளை தேம்புகிற சத்தம்கூட வந்தது. செங்கமலம் பார்த்தாள். நாகபூஷணத்தின் தலைமாட்டில் அவளைத் துணி உருவி உட்கார வைத்த மாதிரி இருந்தது.

வெளியே கன்னையா ஐஸ் கடைக்காரனிடம், "உள்ள ஓடிக்கினு கீதே, அதுல பொம்மையா வர்றது என் சம்சாரம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். படம் விட்டு வந்த ரெண்டு பையன்கள் காதில் அது விழுந்தது. அவனையும் பார்த்தார்கள், படியில் இறங்கி வருகிற அவளையும் உச்சி முதல் கால் வரை பார்த்தார்கள். ஒருத்தன், "அன்னா, நுவ்வு லக்கி" என்றான், நீ கொடுத்துவைத்தவன் என்று. வேனில் பெண்கள் அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் மட்டும், "பெத்தம்மா, பொம்ம பாகுந்தா?" என்று கேட்டுக்கொண்டே வந்தன. நன்றாக இருந்ததா என்று கேட்டால் என்ன சொல்வாள் அவள்?

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதுவரைக்கும் நெட்டச்சி, அன்றிலிருந்து பொம்மை. டீக்கடையில் பையன்கள் அவள் போகிறபோது விசிலை மெல்ல விட்டார்கள். அவள் இடுப்பை நேராக வைத்து நடக்கப் பார்த்தாள். அது இன்னும் கோணலாகப் போயிற்று. கன்னையா அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒட்டடைப் பேச்சை மட்டும் நிறுத்திவிட்டான். அதற்கு அடித்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பிறகு பள்ளிக்கூடத்துக் கமிட்டியில் பேச்சு வந்தது. அந்த மாதிரிப் படத்தில் நடித்தவள் கையால் பிள்ளைகள் சாப்பிடுவதா என்று ஒருத்தர் கேட்டார். கேட்டவரின் தங்கைக்குச் சமையல் வேலை மேல் ரொம்ப நாளாகக் கண். அது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சங்கராந்தி கழிந்து பள்ளிக்கூடம் திறக்கிறதற்குள் ஒரு பதில் சொல்லு என்றார்கள்.

செங்கமலம் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனாள். ஸ்ரீவல்லியின் ஆபீஸ் மாடியில், கண்ணாடிக் கதவு. அங்கேயும் கதவு மேல்கம்பியில் தலை இடித்தது. ஸ்ரீவல்லி ஓடி வந்து உட்கார வைத்தாள், காபி வரவழைத்தாள்.

"எம்மா, ஒரு பொடவையை வரைஞ்சிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"கதை அப்படி அக்கா. சுவத்துல வரைஞ்சவன் துணி வரையல. அது பெரியவாளுக்கான படம், மனுஷாளோட உடம்பைப் பத்தின படம். அதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது."

"நான் தப்பா எடுத்துக்கல. ஊரு எடுத்துக்கினுச்சு. நீ ஒருக்கா வந்து சொல்லும்மா. கட்டில்ல கெடந்தது இவ இல்லன்னு சொல்லு. நான் சும்மா கண்ண மூடிக்கினு படுத்திருந்தேன்னு உனக்குத் தெரியுமில்ல."

ஸ்ரீவல்லிக்கு உண்மையிலேயே வருத்தம்தான். அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நீங்க எதுக்கு அக்கா பயப்படணும்? சட்டப்படி அதுல நீங்களே கிடையாது. படத்துல ஒரு புள்ளிகூட நீங்க இல்ல. உங்களை முழுக்க அழிச்சிட்டுத்தான் வரைஞ்சோம். யார் கேட்டாலும் அது நான் இல்லன்னு தைரியமாச் சொல்லுங்கோ. பொய்யே கிடையாது."

செங்கமலம் காபியைத் தள்ளி வைத்தாள். "அப்ப அந்த ஈ ஓட்டுற சீனு?"

அந்தக் காட்சிக்காக ஸ்ரீவல்லியை ஊர் ஊராகக் கூப்பிட்டுப் பேசச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இல்லாததை விசிறுகிற கை என்று படித்தவர்கள் என்னென்னவோ அர்த்தம் எழுதினார்கள்; மாயை என்றான் ஒருத்தன், விடுதலை என்றாள் ஒருத்தி. முந்தானை என்று யாரும் எழுதவில்லை. ஸ்ரீவல்லியும் திருத்தவில்லை.

"அதுவும்தான் அக்கா" என்றாள். "ஒண்ணு நீங்கன்னா எல்லாம் நீங்க. இல்லன்னா எதுவும் இல்ல."

பஸ்ஸில் திரும்புகிற வழியெல்லாம் செங்கமலம் அதையே மென்றுகொண்டு வந்தாள். எது வேண்டும் அவளுக்கு? அந்தக் கையா, கதவில்லாத கொட்டகையா? கீர்த்திக்கு நாளைக்கு ஒரு நல்லது நடக்க வேண்டும், பொம்மை மகள் என்று அதற்கும் பேர் வைத்துவிடுவார்கள். கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நாக்கு வழிக்கிறதா?

ஊருக்கு வெளியே பெருமாள் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. பேச்சு வளர்ந்து வளர்ந்து ஒன்றும் முடியாததால், "கற்பூரம் அணைச்சு சொல்லட்டும்" என்று எழுந்தது சந்திரம்மாதான். கெட்ட எண்ணத்தில் இல்லை. அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள். அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் கோர்ட் கிடையாது. வடக்கே ஏழுமலையைப் பார்த்து நின்று, பெற்ற பிள்ளை பேரைச் சொல்லி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துவிட்டால் ஊர் வாயைத் திறக்காது. பொய்யாக அணைத்தால் அது ஜுரமாக வந்து அந்தப் பிள்ளையைப் பிடிக்கும். சும்மா சொல்கிற பேச்சில்லை, பிடித்த கதைகள் ஊரில் நாலு உண்டு.

தட்டு வந்தது. செங்கமலம் வடக்குப் பார்த்து நின்றாள். "என் பொண்ணு கீர்த்தி மேல ஆணை. அந்தப் படத்துல வர்ற பொம்பள நான் இல்ல. எந்த சீனுலயும் நான் இல்ல" என்றாள். எந்த சீனிலும் என்று யாரும் சொல்லச் சொல்லவில்லை, அவளாகத்தான் சேர்த்துக்கொண்டாள். உள்ளங்கையைக் கவிழ்த்து நெருப்பை அணைத்தாள். கை எரிந்தது. மறுநாள் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு அந்தக் கையால்தான் பள்ளிக்கூடத்தில் உலை வைத்தாள். பிள்ளைகள் வந்து சாப்பிட்டன.

அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உகாதி அன்றைக்கு மத்தியானம் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள்.

பெரியவர்கள் படத்தை வீட்டு டிவியில் அப்படியே காட்ட முடியாது. கட்டில் எல்லாம் வெட்டியாகிவிட்டது, விசில் அடித்த நடையும் போயிற்று. சந்திரம்மா வீட்டில் டிவி ரிப்பேர். பண்டிகைப் படம் பார்க்க அவள் செங்கமலம் வீட்டுக்கு வந்திருந்தாள். என்ன படம் என்று தெரிந்து செங்கமலம் மாற்றப் போனபோது, "இருக்கட்டும்மா, இன்னா கீதுன்னு பாப்போம்" என்று கீர்த்தி ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். கன்னையா வாசலுக்குப் போய்விட்டான்.

கடைசிக் காட்சி வந்தது. அதை வெட்டவில்லை. வெட்டினால் படமே இல்லையே, அதற்குப் பதில் வேறு வழி பண்ணியிருந்தார்கள். பொம்மைதானே, வரைந்து போட்டால் ஆயிற்று. சுவர்ப் பெண்ணுக்குப் புடவை வரைந்து கட்டிவிட்டிருந்தார்கள், சாதாரண நூல் புடவை. அவள் உட்கார்ந்தாள். முந்தானை நுனியை ரெண்டு விரலில் பிடித்தாள். ஈயை ஓட்டினாள். நுனியை வாயில் ஈரம் பண்ணிச் செத்தவனின் கடைவாயைத் துடைத்தாள். மறுபடியும் விசிறினாள்.

கம்ப்யூட்டரில் ரெண்டு நாள் வேலையாக இருக்குமா அந்தப் புடவை? அதை முதலிலேயே கட்டிவிட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் இவர்கள் கலை?

அன்றைக்கு மாந்தோப்பில் அவள் என்ன செய்தாளோ அதுதான், துளிக்கூட மாறாமல், பிள்ளைகளும் பார்க்கலாம் என்கிற மாதிரி வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்தது. சந்திரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எவ பெத்த மகராசியைப் பாத்து வரைஞ்சானுங்களோ" என்றாள். கற்பூரம் அணைத்ததிலிருந்து அவள் அதை முழுசாக நம்பிவிட்டாள், செங்கமலம் இல்லை, வேறு எவளோ.

கீர்த்தி டிவியை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள். பெண்ணின் முகம் மலர்ந்துபோய் இருந்தது. "மா, இது நீதான? எனக்கு ஜுரம் வந்தப்போ இப்டித்தான நீ வீசிக்கினே உக்காந்திருப்ப. உன் கைதாம்மா இது. எனக்குத் தெரியும்."

ஒரு வருஷத்துக்கு மேலாக ஊருக்கெல்லாம் சொல்லி, ஒருத்தரும் திருப்பிச் சொல்லாத வார்த்தை. பெற்ற பெண் வாயிலிருந்து வந்தது. செங்கமலம் எழுந்து போய்ப் பளாரென்று அறைந்தாள். அந்தப் பெண்ணை அவள் அதுவரை தொட்டு அடித்ததில்லை.

"அது நான் இல்ல" என்றாள். "சொல்லு. உன் வாயால சொல்லு."

கீர்த்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்திரம்மா, "ஏண்டி, பண்டிகை நாளும் அதுவுமா" என்று நடுவில் வந்தாள். செங்கமலம் காதில் அது விழவில்லை. பெண்ணின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், ஏதாவது சுடுகிறதா என்று.

"அது நீ இல்ல" என்றாள் கீர்த்தி அழுதுகொண்டே.

டிவியில் அந்தக் கை இன்னும் விசிறிக்கொண்டிருந்தது. செங்கமலம் அதற்கு முதுகைக் காட்டி, பெண்ணை இரு தோளிலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தபா சொல்லு" என்றாள்.